இளைஞர் திட்டங்களை ஆராய நல்கை: எந்தக் கேள்விக்குப் பணம் கிடைக்கிறது?

பள்ளி விட்ட பிறகு பிள்ளைகள் வந்து படிக்கும் மையம், வார இறுதி விளையாட்டுப் பயிற்சி, விடுமுறையில் தரும் தற்காலிக வேலை, துணைக்கு ஒரு பெரியவரை வழிகாட்டியாகச் சேர்த்துவிடும் ஏற்பாடு, சிறார் இல்லத்திலிருந்து வெளியே வருகிறவர்களுக்கு ஆலோசனை. எல்லாவற்றையும் சேர்த்து 'இளைஞர் திட்டங்கள்' என்கிறோம். இவற்றை நடத்தப் பணம் கொடுப்பவர்கள் உண்டு. அது ஒரு வகை நல்கை, அதாவது திருப்பித் தர வேண்டாத நிதி. இந்தத் திட்டங்களுக்குள் என்ன நடக்கிறது, எதை மாற்றினால் இன்னும் நன்றாக நடக்கும் என்று ஆராயப் பணம் கொடுப்பவர்களும் உண்டு. அது வேறு வகை. முதல்முறை விண்ணப்பிக்கிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

"எங்கள் மையத்துக்கு 200 பிள்ளைகள் வருகிறார்கள், இன்னும் 100 பேரைச் சேர்க்க இடமும் ஆளும் வேண்டும்" என்று எழுதினால் அது முதல் வகை. "13 வயதுப் பிள்ளைகள் மூன்றாவது மாதத்தில் நின்றுவிடுகிறார்கள். பயிற்றுநர்களுக்கு வேறு மாதிரி பயிற்சி கொடுத்தால் நிற்பது குறையுமா?" என்று எழுதினால் அது இரண்டாவது வகை. இரண்டாவதில் பணம் கொடுப்பவர் எதிர்பார்ப்பது ஒரு பதிலை. அந்தப் பதில் உங்கள் மையத்துக்கு மட்டும் உதவினால் போதாது, நீங்கள் பார்த்தே இராத இன்னொரு மையத்துக்கும் உதவ வேண்டும். பதில் 'குறையாது' என்று வந்தாலும் அவருக்கு நஷ்டமில்லை, கேள்வி சரியாகக் கேட்கப்பட்டிருக்கும் வரை.

சரி, பிள்ளைகளுக்கு நல்லது செய்வதை எதற்கு ஆராய வேண்டும்? அந்தப் பணத்தில் இன்னும் பத்துப் பேருக்குப் புத்தகம் வாங்கலாமே? நியாயமான கேள்விதான். இதற்குப் பதிலாக இந்தத் துறையில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் ஒரு கதை இருக்கிறது.

கேம்பிரிட்ஜிலும் சாமர்வில்லிலும் நடந்தது

1930களில் ரிச்சர்ட் கிளார்க் காபட் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு திட்டம் வகுத்தார். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்ற இரண்டு ஊர்களில் வழிதவறிப் போகக்கூடும் என்று கருதப்பட்ட சிறுவர்களும் சாதாரணச் சிறுவர்களுமாக 506 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். வயது, குடும்பச் சூழல், குணம் இவற்றில் ஒத்துப்போகிறவர்களை இருவர் இருவராகச் சேர்த்து, ஒவ்வொரு ஜோடிக்கும் காசைச் சுண்டிப்போட்டார்கள். ஒருவன் திட்டத்துக்குள் வந்தான், மற்றவன் வெளியே இருந்தான். உள்ளே வந்தவர்கள் வீட்டுக்குச் சராசரியாக மாதம் இரண்டு முறை ஓர் ஆலோசகர் போய்வந்தார். படிப்பில் உதவி, மருத்துவம், கோடை முகாம் எல்லாம் கிடைத்தன. 1939இல் தொடங்கிய இந்த வேலை ஒவ்வொரு சிறுவனுக்கும் சராசரியாக ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

முப்பது ஆண்டுகள் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற குற்றவியல் ஆய்வாளர் அந்தச் சிறுவர்களைத் தேடிப் போனார். எல்லோரும் நடுவயதுக்காரர்களாகிவிட்டிருந்தார்கள். திட்டத்தில் இருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அது தங்களுக்கு உதவியது என்றே சொன்னார்கள். நீதிமன்றப் பதிவுகளையும் மருத்துவப் பதிவுகளையும் இறப்புப் பதிவுகளையும் பார்த்தபோது படம் வேறு மாதிரி இருந்தது. 1978இல் அவர் வெளியிட்ட கட்டுரைப்படி, திட்டத்தில் இருந்தவர்கள்தான் சில அளவுகளில் மோசமாக இருந்தார்கள். ஒருமுறை குற்றம் செய்தவர்கள் மறுபடியும் செய்வது, குடிக்கு அடிமையான அறிகுறிகள், இளம் வயதில் இறப்பு இவற்றில் எல்லாம் காசு மறுபக்கம் விழுந்தவர்கள் மேலாக இருந்தார்கள்.

இதைப் படித்துவிட்டு 'உதவி செய்வதே வீண்' என்று முடிவுகட்டியவர்கள் உண்டு. ஆனால் கதை அங்கே முடியவில்லை. பத்திரமாக இருந்த பழைய கோப்புகளை வைத்துக்கொண்டு மெக்கார்டும் வேறு இருவரும் இன்னொரு கேள்வி கேட்டார்கள்: திட்டத்துக்குள் எந்தப் பகுதி கெடுத்தது? 1999இல் வந்த அவர்கள் கட்டுரை கோடை முகாமைக் காட்டியது. ஒரு தடவைக்கு மேல் முகாமுக்கு அனுப்பப்பட்ட சிறுவர்களிடம்தான் பாதிப்பு தெளிவாகத் தெரிந்தது. ஏற்கெனவே முரட்டுத்தனம் பழகிய பையன்களை ஒன்றாகக் கொண்டுபோய் வாரக்கணக்கில் தங்கவைத்தால் ஒருவன் செய்யும் சேட்டைக்கு மற்றவன் சிரிக்கிறான், அந்தச் சிரிப்பே பரிசாகிவிடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

இந்த இரண்டு கேள்விகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'திட்டம் பயன் தந்ததா?' என்ற கேள்விக்குக் கிடைத்த பதிலை வைத்துக்கொண்டு திட்டத்தை மூடலாம் அல்லது தொடரலாம், அவ்வளவுதான். 'எந்தப் பகுதி, யாருக்கு, எப்படி?' என்ற கேள்விக்குக் கிடைத்த பதிலை வைத்துக்கொண்டுதான் நாளைக் காலை எதையாவது மாற்ற முடியும். மேம்படுத்தும் ஆய்வு என்று சொல்வது இரண்டாவதை. என் கணக்கில் இளைஞர் திட்டங்களைப் பற்றிய ஆய்வில் செலவான பணத்தில் மிகப் பெரிய பங்கு முதல் கேள்விக்கே போயிருக்கிறது. இரண்டாவதுக்குப் போனது குறைவு.

சராசரி மறைப்பது

வழிகாட்டித் திட்டங்களில் உலகப் புகழ்பெற்றது பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ். ஒரு பிள்ளை, ஒரு பெரியவர், மாதத்தில் சில முறை சந்திப்பு. 1995இல் வந்த ஆய்வில் 10 முதல் 16 வயதுக்குட்பட்ட 959 பேரைப் பின்தொடர்ந்தார்கள். வழிகாட்டி கிடைத்தவர்களில் பதினெட்டு மாதங்களில் புதிதாகப் போதைப்பொருள் தொட்டவர்கள் மற்ற குழுவைவிட 46 சதவீதம் குறைவு. அருமையான செய்தி. நிதி கொட்டியது, திட்டங்கள் பெருகின.

2002இல் அதே தரவை ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் இருவரும் மறுபடியும் திறந்தார்கள். இந்த முறை சராசரியை விட்டுவிட்டு, உறவு எத்தனை மாதம் நீடித்தது என்று பிரித்துப் பார்த்தார்கள். ஓராண்டுக்கு மேல் நீடித்தவர்களிடம் நல்ல மாற்றம். மூன்று மாதத்துக்குள் வழிகாட்டி விட்டுவிட்டுப் போன பிள்ளைகளிடம் தன்மதிப்பே சரிந்திருந்தது. ஏற்கெனவே பெரியவர்கள் கைவிட்ட பிள்ளையை இன்னொரு பெரியவரும் கைவிடுகிறார், அப்புறம் என்ன ஆகும்? இதைத் தெரிந்துகொண்ட ஒரு திட்ட மேலாளர் செய்யக்கூடியவை ஏராளம்: வழிகாட்டியாக வருகிறவரிடம் ஓராண்டு இருப்பேன் என்ற உறுதியை வாங்கலாம், முதல் மூன்று மாதம் அடிக்கடி தொலைபேசியில் பேசலாம், கல்லூரிக் கடைசி ஆண்டில் இருப்பவரைச் சேர்க்க யோசிக்கலாம். சராசரி எண் இதில் ஒன்றைக்கூடச் சொல்லியிருக்காது.

சராசரி எதிர்ப்பக்கமும் அடிக்கும். அமெரிக்க மத்திய அரசு பள்ளி நேரத்துக்குப் பிந்தைய மையங்களுக்கு ஆண்டுக்கு சுமார் 100 கோடி டாலர் செலவிட்டுவந்தது. 2003இல் அவற்றைப் பற்றிய பெரிய மதிப்பீட்டின் முதல் அறிக்கை வந்தது. மதிப்பெண்ணில் சொல்லிக்கொள்ளும்படி பெரிய மாற்றம் இல்லை என்றது. கையோடு புஷ் நிர்வாகம் அந்த நிதியை 60 கோடி டாலராகக் குறைக்கலாம் என்று முன்மொழிந்தது. நாடாளுமன்றம் அதை ஏற்கவில்லை. ஆனால் துறையில் இருந்தவர்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆயிரக்கணக்கான மையங்களில் நன்றாக நடப்பவையும் இருந்தன, பிள்ளைகளை உட்காரவைத்து நேரம் போக்குபவையும் இருந்தன. எல்லாவற்றையும் ஒரே உரலில் போட்டு இடித்தால் கிடைப்பது ஒரு சராசரி. நல்ல மையத்தையும் மோசமான மையத்தையும் பிரிப்பது எது என்ற கேள்விக்கு ஆய்வுப் பணம் நகரத் தொடங்கியதில் இந்த அதிர்ச்சிக்கும் பங்கு உண்டு.

2010இல் டர்லாக் என்பவரும் உடன் உழைத்தவர்களும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பயன் தந்த மையங்களில் நான்கு குணங்கள் தெரிந்தன. பயிற்சி படிப்படியாக இருந்தது, பிள்ளைகள் கையால் செய்து பழகினார்கள், அதற்கென்று நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது, எந்தத் திறனை வளர்க்கிறோம் என்பது வெளிப்படையாக இருந்தது. நான்கும் ஒருசேர அமையாத மையங்களில் சராசரியாகப் பயன் எதுவும் தெரியவில்லை.

ஒரு மாலையை எப்படி அளப்பது?

கிட்டத்தில் போய் ஓர் உதாரணம் பார்க்கலாம். டேவிட் வைகார்ட் மையம் என்ற அமைப்பு, மையங்களின் தரத்தை அளக்க ஒரு கருவி வைத்திருக்கிறது. கருவி என்றால் இயந்திரம் எதுவும் இல்லை, ஒரு தாள்தான். பயிற்சி பெற்ற ஒருவர் அறையின் ஓரத்தில் உட்கார்ந்து நடப்பதைக் குறித்துக்கொள்வார். பிள்ளைகள் உள்ளே வரும்போது பணியாளர் வரவேற்கிறாரா, தன் பாட்டுக்குக் காகிதம் அடுக்கிக்கொண்டிருக்கிறாரா? பிள்ளைகள் என்ன செய்வது என்று திட்டமிட வாய்ப்பு இருக்கிறதா? செய்து முடித்த பிறகு அதைப் பற்றிப் பேசுகிறார்களா? ஒவ்வொன்றுக்கும் 1, 3, 5 என்று மதிப்பெண். நடுவில் 2, 4 கிடையாது. இதனால் பார்ப்பவர் 'ஏதோ நடுத்தரம்' என்று மழுப்ப முடியாது, எதற்கு 5 கொடுத்தோம் என்பதற்குக் கண்ணால் பார்த்த சான்றை எழுதவேண்டும்.

இந்தத் தாளை வைத்து ஒரு கேள்வி கேட்கப்பட்டது. மேலாளர்களே தங்கள் பணியாளர்களை இப்படிக் கவனித்து, உட்கார்ந்து பேசி, இரண்டு மூன்று விஷயங்களை மாற்றுவது என்று முடிவுசெய்து, அதற்குப் பயிற்சியும் கொடுத்தால் தரம் கூடுமா? 5 வலையமைப்புகளைச் சேர்ந்த 87 மையங்களில் குலுக்கல் முறையில் சிலவற்றுக்கு இந்த ஏற்பாடு கிடைத்தது, மற்றவை வழக்கம்போல் நடந்தன. 2012இல் வந்த முடிவு: தரம் கூடியது. கூடவே, அந்த மையங்களில் பணியாளர்கள் வேலையை விட்டுப் போவதும் குறைந்திருந்தது. இந்த வேலையில் ஆள் நிற்பதில்லை என்பது யாவரும் அறிந்த தலைவலி என்பதால், எனக்கு இந்த இரண்டாவது முடிவு முதலாவதைவிடப் பெரியதாகத் தெரிகிறது.

இந்த ஆய்வுக்கு நல்கை கொடுத்தது வில்லியம் டி. கிராண்ட் அறக்கட்டளை. நல்கைக்கு ஆங்கிலத்தில் கிராண்ட் என்று சொல்வதால் பலர் இது ஏதோ பொதுப்பெயர் என்று நினைப்பதுண்டு. ஆள் பெயரே அதுதான். மலிவு விலைக் கடைச் சங்கிலி ஒன்றை நடத்திய வணிகர், 1936இல் இந்த அறக்கட்டளையைத் தொடங்கினார். கடைகள் 1975இல் திவாலாகி, 1976இல் மறைந்துவிட்டன. அறக்கட்டளை இன்னும் இருக்கிறது.

பணம் எங்கிருந்து வருகிறது?

இந்த அறக்கட்டளையையே முதல் மாதிரியாக எடுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் தான் எதைக் கேட்கிறது என்பதை வெளிப்படையாக எழுதிவைக்கும் நிறுவனம் அது. அமெரிக்காவில் 5 முதல் 25 வயது வரையிலான இளையோரிடையே இருக்கும் ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் ஆய்வுகள் ஒரு பிரிவு. ஆய்வில் கிடைத்த சான்றை முடிவெடுப்பவர்கள் உண்மையிலேயே பயன்படுத்தவைப்பது எப்படி என்பது இன்னொரு பிரிவு. ஏற்றத்தாழ்வுப் பிரிவில் பெரிய நல்கைகள் 1 லட்சம் டாலரிலிருந்து 6 லட்சம் டாலர் வரை, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு. சிறியவை 25,000 முதல் 50,000 டாலர் வரை. தொகைகளும் விதிகளும் அவ்வப்போது மாறும், விண்ணப்பிக்குமுன் புதிய அறிவிப்பைப் படித்துவிடுங்கள்.

பிரிட்டனில் யூத் எண்டோமென்ட் ஃபண்டு என்ற நிதியம் 2019இல் 20 கோடி பவுண்டு அரசுப் பணத்தோடு தொடங்கியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிள்ளைகள் வன்முறையில் சிக்காமல் காப்பது அதன் வேலை. அதில் ஒரு நல்ல வழக்கம்: திட்டத்தை நடத்தப் பணம் கொடுக்கும்போதே அதை மதிப்பிட ஒரு தனி ஆய்வுக் குழுவையும் நியமித்துவிடுகிறார்கள். நடத்துகிறவரே தனக்கு மதிப்பெண் போட்டுக்கொள்ள முடியாது.

அரசு நிறுவனங்களின் போக்கு வேறு. 2002இல் உருவான அமெரிக்கக் கல்வித்துறையின் ஆய்வுப் பிரிவு ஆய்வுகளைப் படிகளாகப் பிரித்துப் பணம் கொடுத்துவந்தது. தெரியாததைத் துழாவிப் பார்க்கும் ஆய்வு, புதிய அணுகுமுறையை உருவாக்கும் ஆய்வு, உருவாக்கியதைச் சோதிக்கும் ஆய்வு, அளவுகோல் தயாரிக்கும் ஆய்வு என்று தனித்தனி வாசல்கள் இருந்தன. தொடக்கநிலையில் இருப்பவருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. இன்னும் உருப்பெறாத திட்டத்தைப் பெரிய சோதனைக்குக் கொண்டுபோவது வெந்தும் வேகாததைப் பந்தியில் வைப்பது மாதிரி. எந்த வாசலில் நிற்கிறோம் என்று தெரிந்துகொண்டு கதவைத் தட்டவேண்டும்.

கேள்வியைத் தீட்டுவது

விண்ணப்பங்களைப் படித்துத் தரம் பார்க்கும் மதிப்பாய்வாளர் முன்மொழிவைக் கையில் எடுத்ததும் தேடுவது கேள்வியைத்தான். முன்பு சொன்ன, மூன்றாவது மாதத்தில் நின்றுவிடும் 13 வயதுப் பிள்ளைகளுக்கே திரும்புவோம்.

முதல் வரைவில் பொதுவாக இப்படி இருக்கும்: 'எங்கள் மாலை நேரத் திட்டம் இளைஞர்களின் வாழ்வில் ஏற்படுத்தும் தாக்கத்தை ஆராய்தல்.' இதில் யார், எதை, எப்போது, எதோடு ஒப்பிட்டு என்ற எதுவும் இல்லை. கொஞ்சம் தீட்டினால்: '13, 14 வயதுப் பிள்ளைகள் மூன்று மாதத்துக்குள் நின்றுவிடுவது ஏன்?' இது பரவாயில்லை, பேசிப் பார்த்து எழுதும் சிறு ஆய்வுக்கு இதுவே போதும். இன்னும் தீட்டினால்: 'இந்த வயதினருக்கு என்ன செய்வது என்று முடிவெடுக்கும் வாய்ப்புக் குறைவாக இருப்பதால் அவர்கள் நிற்கிறார்கள் என்று கருதுகிறோம். வாரம் ஒரு நாள் நடவடிக்கையை அவர்களே திட்டமிடும்படி மாற்றினால், ஆறு மாதத்துக்குப் பிறகும் வருகிறவர்கள் எண்ணிக்கை, வழக்கம்போல் நடக்கும் மையங்களைவிடக் கூடுமா?'

மூன்றாவதில் ஓர் அனுமானம் உட்கார்ந்திருக்கிறது. ஏன் நிற்கிறார்கள் என்பதற்கு ஒரு காரணம் சொல்லி, அந்தக் காரணத்தைக் குறிவைத்து ஒரு மாற்றம் செய்து, காரணம் சரியா என்று பார்க்கிறது. முடிவு எப்படி வந்தாலும் ஏதோ ஒன்று தெரிந்துவிடும். மாற்றியும் வருகை கூடவில்லை என்றால், முடிவெடுக்கும் வாய்ப்பு காரணமில்லை என்றாகிறது. வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்போ, இருட்டிய பிறகு வீடு திரும்பும் பயமோ காரணமாக இருக்கலாம் என்று அடுத்த கேள்வி பிறக்கிறது.

நல்ல கேள்வி ஒரே திட்டத்தின் இரண்டு வடிவங்களை மோதவிடலாம். சிகாகோ நகரில் 2012 கோடையில் வன்முறை அதிகமாக இருந்த 13 பள்ளிகளின் மாணவர்களுக்கு எட்டு வாரப் பகுதிநேர வேலை கொடுத்தார்கள். விண்ணப்பித்த 1,634 பேரில் யாருக்கு வேலை என்பதைக் குலுக்கல் முடிவுசெய்தது. இடம் குறைவு, கேட்பவர்கள் அதிகம் என்ற நிலையில் குலுக்கலே நியாயமான வழி, ஆய்வுக்கும் அது வாகாக அமைந்துவிட்டது. வேலை கிடைத்தவர்களிலும் ஒரு பாதிக்கு முழு நேரமும் வேலை. இன்னொரு பாதிக்கு வேலை நேரத்தில் ஒரு பகுதியைக் குறைத்து, கோபத்தையும் உணர்ச்சிகளையும் கையாளும் பயிற்சி. 16 மாதங்களில் வன்முறைக் குற்றத்துக்காகக் கைதாவது, வேலை கிடைத்தவர்களிடம் 43 சதவீதம் குறைந்திருந்தது. இரண்டு பாதிகளுக்கும் நடுவே சொல்லும்படி வித்தியாசம் இல்லை. அதைவிடச் சுவாரசியம், குறைவு பெரும்பாலும் வேலை முடிந்த பிறகுதான் தெரிந்தது. 'வேலையில் இருந்தால் சண்டைக்கு நேரமிருக்காது' என்ற எளிய விளக்கத்தை அந்த ஒரு விவரம் அடித்துப்போட்டுவிட்டது.

பானையும் பருக்கையும்

இனி வருவது பலர் கோட்டைவிடும் இடம், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். "எங்கள் ஆய்வில் 1,000 பிள்ளைகள் கலந்துகொள்கிறார்கள்" என்று பெருமையாக எழுதுவார்கள். மதிப்பாய்வாளர் உடனே கேட்பார்: எத்தனை மையங்கள்? நான்கு என்றால் கதை முடிந்தது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். ஒரே தண்ணீரில், ஒரே தீயில் வெந்ததால் ஒரு பருக்கையை நசுக்கினாலே பானை முழுவதும் தெரிந்துவிடுகிறது. அதே காரணத்தால் அதே பானையிலிருந்து ஐம்பது பருக்கைகளை எடுத்து நசுக்கினாலும் புதிதாகத் தெரிவது கொஞ்சம்தான். ஒரு மையத்தின் பிள்ளைகளும் அப்படித்தான். ஒரே பயிற்றுநர், ஒரே அறை, ஒரே தெரு. நாம் மாற்றுவது பயிற்றுநர் நடந்துகொள்ளும் விதத்தை என்றால், அது பானையின் தீயை மாற்றுவது. அப்போது எண்ணவேண்டியது பானைகளை.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 20 மையங்கள், மையத்துக்கு 50 பிள்ளைகள், மொத்தம் 1,000. ஒரே மையத்துப் பிள்ளைகள் ஒருவரோடொருவர் ஒத்துப்போகும் அளவு (துளியும் இல்லையென்றால் 0, முழுதாக ஒத்துப்போனால் 1) 0.1 என்று வைத்துக்கொள்வோம். 50இலிருந்து ஒன்றைக் கழித்து, 0.1ஆல் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் 5.9. அந்த 1,000 பேரை 5.9ஆல் வகுத்தால் சுமார் 170. அதாவது காகிதத்தில் 1,000 பேர் இருந்தாலும், கிடைக்கும் தகவல் தனித்தனியாக எடுத்த 170 பேருக்குச் சமம். மையங்களை 40 ஆக்கி, மையத்துக்கு 25 பேர் மட்டும் எடுத்தால் அதே 1,000 பேர் சுமார் 294 பேருக்குச் சமமாகிவிடுவார்கள். ஆள் கூடவில்லை, பானை கூடியது. ஆனால் ஒவ்வொரு புதிய மையத்துக்கும் பேசிச் சம்மதம் வாங்க வேண்டும், ஆள் அனுப்ப வேண்டும். செலவு அங்கேதான் ஏறும்.

கையில் நான்கு மையம்தான் இருக்கிறதா? அப்போது குலுக்கல் சோதனை என்ற ஆசையை விட்டுவிட்டு, அந்த நான்கையும் ஆழமாகப் பார்க்கும் ஆய்வை எழுதுங்கள். சிறு நல்கைகள் இருப்பது அதற்குத்தான். நான்கு மையத்தை வைத்துக்கொண்டு பெரிய சோதனை செய்வதாகச் சொல்லும் முன்மொழிவைவிட, நாற்பது மணிநேரம் உட்கார்ந்து பார்த்ததை நேர்மையாக எழுதுவதாகச் சொல்லும் முன்மொழிவு எனக்குப் பலமடங்கு மேல்.

செலவுக் கணக்கு

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நல்கை கொடுப்பவர்களுக்கு வேதவாக்கு. செலவுப் பட்டியலைப் படித்தாலே ஆய்வு உண்மையில் நடக்குமா என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். மையத்துக்குப் போய்ப் பார்ப்போம் என்று முன்மொழிவில் எழுதிவிட்டு, பட்டியலில் பயணச் செலவே இல்லை என்றால் யார் நம்புவார்கள்?

பெரும்பகுதி சம்பளத்துக்குப் போகும். தரவு சேகரிக்கும் களப்பணியாளர், அதைச் சுத்தம் செய்கிறவர், கணக்கிடுகிறவர். கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு சிறு தொகை. இதை விட்டுவிடாதீர்கள், ஓராண்டு கழித்து அவர்களை மறுபடியும் தேடிப் பிடிக்கும்போதுதான் அருமை தெரியும். இடம் மாறிப்போன குடும்பத்தைக் கண்டுபிடிப்பது தனி வேலை. பாதிப் பேர் விட்டுப்போய்விட்டால், மீதியிருப்பவர்களிடம் கேட்ட பதிலை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இதற்கு மேல் மறைமுகச் செலவு என்று ஒன்று: மின்சாரம், கட்டடம், கணக்காளர் என்று எந்த ஆய்வுக்கும் தனியாக எழுத முடியாதவை. பல்கலைக்கழகங்கள் இதற்கு நிறையக் கேட்கும், அறக்கட்டளைகள் குறைவாகவே கொடுக்கும். கிராண்ட் அறக்கட்டளையின் உச்சவரம்பு நேரடிச் செலவில் 15 சதவீதம். இதைப் பார்க்காமல் பட்டியல் போட்டுவிட்டுக் கடைசி நாளில் தலையைப் பிய்த்துக்கொள்ளும் காட்சி வழக்கமானது.

பெரும்பாலும் விடுபட்டுப்போகும் வரி இன்னொன்று உண்டு: மையப் பணியாளர்களின் நேரம். ஆய்வாளர் வந்து படிவம் கொடுப்பார். அதை நிரப்புவது, பெற்றோரிடம் ஒப்புதல் வாங்குவது, வருகைப் பதிவேட்டை எடுத்துக் கொடுப்பது எல்லாம் ஏற்கெனவே மூச்சுவிட நேரமில்லாத பணியாளர் தலையில் விழும். பட்டியலில் அதற்குப் பணம் இல்லையென்றால், ஆறாவது மாதத்தில் படிவங்கள் வருவது நின்றுவிடும்.

பிள்ளைகளின் சம்மதம்

18 வயதுக்குட்பட்டவர்களை ஆராய வேண்டுமென்றால் பொதுவாக, ஆய்வால் யாருக்கும் கேடு வராதா என்று பார்க்கும் அறநெறிக் குழுவின் அனுமதி வேண்டும், பெற்றோரின் ஒப்புதல் வேண்டும், பிள்ளையின் சம்மதமும் வேண்டும். மூன்றாவதைச் சடங்காக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். 'வேண்டாம் என்று சொன்னாலும் மையத்துக்கு வரலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்' என்று பிள்ளைக்குப் புரியும் மொழியில் சொல்லவேண்டும். தாக்குதல், தற்கொலை எண்ணம் போன்றவற்றை ஒரு பிள்ளை பதிலில் எழுதிவிட்டால் யாரிடம் சொல்வது, எவ்வளவு நேரத்துக்குள் என்பதையும் முன்மொழிவிலேயே எழுதிவைக்க வேண்டும். குழு இதைத் திருப்பித் திருப்பிக் கேட்கும், அனுமதிக்கு மாதக்கணக்கில் ஆகலாம். கால அட்டவணையில் அதற்கு இடம் விடாதவர்கள், பள்ளி ஆண்டு தொடங்கியபோது அனுமதி வராமல் ஓர் ஆண்டையே இழந்திருக்கிறார்கள்.

நீங்கள் ஆய்வாளர் இல்லையென்றால்

மையம் நடத்துகிறவர்கள் நேரடியாக இந்த நல்கைகளைப் பெறுவது கடினம். ஆராய்ச்சி செய்து பழகிய ஒருவர் வேண்டும் என்று கேட்பார்கள். அதனால் கூட்டு சேர்கிறார்கள். கூட்டு என்றால் ஆய்வாளர் கேள்வியோடு வந்து தரவை அள்ளிக்கொண்டு போவது என்று பல காலம் இருந்தது. இப்போது கேள்வியையே இருவரும் சேர்ந்து உருவாக்கும் கூட்டுகளுக்கு நிதியளிப்போர் தனியாகப் பணம் ஒதுக்குகிறார்கள்.

ஓர் ஆய்வாளர் உங்கள் கதவைத் தட்டினால் நீங்களும் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். முடிவு எங்களுக்கு எப்போது தெரியும்? உங்கள் கட்டுரை வெளிவரும் வரை இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டுமா? முடிவு எங்களுக்குப் பாதகமாக வந்தால் எங்கள் பெயர் வெளியே வருமா? எங்கள் பணியாளரின் நேரத்துக்குப் பட்டியலில் என்ன எழுதியிருக்கிறீர்கள்? இவற்றுக்கு நேராகப் பதில் சொல்கிறவரோடு சேருங்கள்.

பெரும்பாலான அறக்கட்டளைகள் முதலில் சில பக்கக் கடிதம் மட்டும் கேட்கும். அதில் பிடித்துப்போனவர்களைத்தான் முழு முன்மொழிவு எழுதச் சொல்லும். கடிதத்திலேயே பலரும் கழிந்துவிடுவார்கள். மறுப்போடு மதிப்பாய்வாளர் குறிப்புகளும் வந்தால் ஒரு வாரம் கழித்து எடுத்துப் படியுங்கள், வந்த அன்றைக்கு வேண்டாம். கோபம் அடங்கிய பிறகு படித்தால், பாதிக் குறிப்புகள் நீங்களே எழுதவேண்டும் என்று நினைத்து எழுதாமல் விட்டவையாக இருக்கும்.

அதற்கெல்லாம் முன்பு, இன்றே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. உங்கள் மையத்தின் வருகைப் பதிவேட்டை எடுத்து, கடந்த ஆண்டு சேர்ந்தவர்களில் யார் எந்த மாதம் கடைசியாக வந்தார்கள் என்று வயதுவாரியாக ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எந்த வயதில், எந்த மாதத்தில் கோடு சரிகிறதோ அங்கேதான் உங்கள் கேள்வி இருக்கிறது. பதிவேடு ஒழுங்காக இல்லை என்றால், அடுத்த திங்கட்கிழமையிலிருந்து எழுதத் தொடங்குங்கள்.